துண்டும் சிகரெட்டும்: ட்விஸ்ட் ஆடக் கற்றுக்கொள்ள

1960-களில் பரவிய ட்விஸ்ட் நடனத்தை ஆட விரும்புகிறவர்கள் பாட்டைத் தேடுவதற்கு முன் காலணியைப் பார்க்க வேண்டும். ரப்பர் அடிப்பாகம் தரையைப் பற்றிக்கொள்வதால், பாதம் திரும்பாமல் நிற்க, உடலின் திருகல் முழுவதும் முழங்காலில் இறங்கும். தோல் அடிப்பாகம் கொண்ட காலணியும், வழவழப்பான, ஆனால் ஈரமில்லாத தரையும் இருந்தால் போதும்.

இந்த நடனத்துக்குரிய ‘தி ட்விஸ்ட்’ என்ற பாட்டை அமெரிக்கப் பாடகர் ஹாங்க் பல்லார்ட் 1958-இல் பதிவு செய்தார். அது இசைத்தட்டின் மறுபக்கப் பாட்டாகவே வெளிவந்தது. 1960-இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த பதினெட்டு வயது சப்பி செக்கர் அதை மீண்டும் பாடி, தொகுப்பாளர் டிக் கிளார்க்கின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஆடிக் காட்டிய பிறகுதான் அமெரிக்கா முழுவதும் அது பற்றிக்கொண்டது. இரு கால்களாலும் சிகரெட் துண்டை நசுக்கி அணைப்பதுபோலவும், குளித்தபின் துண்டால் முதுகுப்புறத்தைத் துவட்டுவதுபோலவும் ஆட வேண்டும் என்று செக்கர் விளக்கினார். அதைவிடத் தெளிவான பாடத்தை யாரும் எழுதிவிடவில்லை என்றே நான் கருதுகிறேன். கீழே வருவது அதன் விரிவுரைதான்.

கால்களைத் தோளகலத்திற்கு விரித்து, ஒரு பாதத்தைச் சற்று முன்வைத்து, முழங்கால்களை இளக்கமாக மடித்து நில்லுங்கள். உடலின் எடை முன்பாதத்தில் இருக்கட்டும். குதிகால்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் போதும். இரு குதிகால்களையும் ஒருசேர இடப்பக்கம் தள்ளினால் முழங்கால்களும் இடுப்பும் தாமாகவே வலப்பக்கம் திரும்பும். பாட்டின் அடுத்த தாளத் தட்டில் இதை மாற்றிச் செய்யுங்கள். முழங்கையை மடித்த கைகள் எப்போதும் இடுப்புக்கு எதிர்த்திசையில் செல்ல வேண்டும், மார்பு எதிரில் இருப்பவரை நோக்கியே இருக்க வேண்டும். பலரும் இடுப்பை மட்டும் குலுக்கி இதை ட்விஸ்ட் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அசைவு பாதத்தில் பிறந்து மேலேறினால்தான் அக்காலத்தின் அந்த எளிமையான மிடுக்கு வரும்.

இது பழகியபின், திருகலை நிறுத்தாமல் எட்டுத் தட்டுகளில் மெல்லத் தாழ்ந்து, அடுத்த எட்டில் எழுந்து பாருங்கள். முழங்கால், முதுகு வலி உள்ளவர்கள் இதைத் தவிர்த்துவிடலாம். அன்றைய மருத்துவர்களும் இதே எச்சரிக்கையைச் சொன்னார்கள்.

ஜோடியாக ஆடும்போது ஒருவரையொருவர் தொடக் கூடாது. அதற்கு முன் பெரும்பாலான ஜோடி நடனங்களில் ஆண் வழிநடத்த, பெண் பின்தொடர்ந்தாள். இங்கே வழிநடத்துபவரே இல்லை, வகுப்புக்குப் போய்க் கற்கும் தேவையும் இல்லை. 1961-இன் இறுதியில் நியூயார்க்கின் 45-ஆம் தெருவிலிருந்த பெப்பர்மிண்ட் லவுஞ்ச் என்ற இரவு விடுதியில் செல்வந்தர்களும் திரை நட்சத்திரங்களும் நெருக்கியடித்து ஆடியதற்கும், இளைஞர்கள் ஏற்கெனவே கொண்டாடி முடித்த அதே பாட்டு 1962 ஜனவரியில் அமெரிக்கப் பாடல் தரவரிசையில் இரண்டாம் முறையாக முதலிடம் பிடித்ததற்கும் இதுவே காரணம் என்பது என் எண்ணம். அன்று ஆடியவர்கள் இன்று பெரும்பாலும் எண்பதைத் தொட்டவர்கள் அல்லது கடந்தவர்கள். அவர்களோடு ஆட வாய்த்தால் நாற்காலியில் அமர்ந்தபடியே குதிகால்களையும் கைகளையும் எதிரெதிராகத் திருப்பச் சொல்லுங்கள், அதுவும் ட்விஸ்ட்தான்.

புதிதாகக் கற்பவர் உண்மையான துண்டு ஒன்றை முதுகுக்குப் பின்னால் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு பாதிப் பாட்டு வரை ஆடட்டும். பிறகு துண்டைக் கீழே போட்டுவிட்டுக் கைகளை நிறுத்தாமல் தொடரட்டும்.