மலாவி சிறு விவசாயியின் லாபக் கணக்கு: எங்கே பிசகுகிறது?

ஆப்பிரிக்க நாடான மலாவியின் தெற்கே மழை ஒரே பருவம்தான். நவம்பர், டிசம்பரில் தொடங்கி ஏப்ரலோடு சரி. பல குடும்பங்களுக்கு ஒரு ஹெக்டேர்கூடத் தேறாது. அதில் மக்காச்சோளத்துக்கு ஊடே துவரை நிற்கும். வருமானத்தை மதிப்பிட வருகிறவர்கள் மே மாதம் சோள மூட்டைகளை எண்ணிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நீண்டகாலத் துவரை ஜூலைக்கு மேல்தான் அறுவடைக்கு வரும். பருப்பு போக, அடுப்பெரிக்கத் துவரைமார் கிடைக்கும். உதிர்ந்த இலையின் தழைச்சத்து அடுத்த வருடச் சோளத்தில்தான் தெரியும். ஒரு பருவக் கணக்கில் அது விழவே விழாது. அதற்காக ஆராய்ச்சித் திடலின் மகசூலை அப்படியே எடுத்துப் போடவும் கூடாது. திடலுக்கு வேலி உண்டு. சோளம் அறுத்ததும் ஆடுகளை அவிழ்த்துவிடும் ஊரில் துவரை மிஞ்சுவதே பெரும்பாடு.

விலையிலும் இதே அவசரம். அறுவடை நேரத்தில் மலிந்து கிடக்கும் சோளம் ஜனவரி, பிப்ரவரியில் சில வருடங்களில் இரண்டு மடங்காகிவிடும். சாப்பாட்டுக்கு வைத்திருப்பதை மே மாத விலையில் மதிப்பது தப்பு. அது இல்லையென்றால் அந்தக் குடும்பம் பிப்ரவரி விலைக்கு அல்லவா வாங்கியிருக்கும்? வண்டு தின்றதை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள். துவரை விலையோ இந்தியாவைப் பார்த்து ஏறி இறங்குவது. 2017 ஆகஸ்டில் இந்தியா துவரை இறக்குமதிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன் என்று வரம்பு வைத்ததும் மலாவியில் விலை சரிந்தது. அதற்கு முந்தைய விலையை நம்பிப் போட்ட கணக்கெல்லாம் அத்தோடு காலி.

என்னை அதிகம் உறுத்துவது கூலிக் கணக்கு. வீட்டு ஆள் உழைப்புக்குச் சைபர் போட்டால் எந்தப் பயிரும் லாபம்தான். வருடம் முழுக்க ஒரே கூலி போட்டால் எல்லாமே நஷ்டம். மாதவாரியாகப் பாருங்கள். களையெடுக்கும் டிசம்பர், ஜனவரியில்தான் குதிரும் காலியாக இருக்கும். அன்றன்றைய சாப்பாட்டுக்காக அடுத்தவர் காட்டுக்கு நாள்கூலிக்குப் போவார்கள், அங்கே அதற்கு ‘கன்யு’ என்று பெயர். சொந்தக் காட்டில் களை மண்டும். அந்த நாட்களுக்கு அன்றைய கன்யு கூலியை முழுதாகப் போட வேண்டும். வேலை கிடைக்காத ஆகஸ்டிலும் அதையே போட்டால் மிகை.

மானிய உரத்துக்கு எந்த விலை? விவசாயிக்குக் கட்டுப்படியாகுமா என்றால் அவர் கொடுத்த விலை. நாட்டுக்கு லாபமா என்றால் சந்தை விலை, ஏற்றுக்கூலி உட்பட. இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.

அப்புறம், சராசரி. 2023 மார்ச்சில் பிரெடி புயல், அடுத்த பருவமே எல் நினோ வறட்சி. கடன் வாங்கி உரம் போட்டவருக்கு ஐந்து வருடச் சராசரி சோறு போடாது. மோசமான வருடத்தில் கடன் போக எத்தனை மூட்டை மிஞ்சும் என்று தனி வரியில் எழுதுங்கள்.