முதலில் உட்காரவைத்து அளவெடுங்கள்: எல்லோரும் உடுத்தக்கூடிய உடை செய்வது எப்படி

மாற்றுத்திறனாளிகளுக்கும் உடை செய்யப்போகிறோம் என்று கிளம்பும் பல பிராண்டுகள் முதலில் விளம்பரப் படத்தைத்தான் யோசிக்கின்றன. சக்கர நாற்காலியில் ஒரு மாடல், நல்ல வெளிச்சம், அவ்வளவுதான். படம் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அந்த மாடல் போட்டிருக்கும் பேன்ட் அவருக்குப் பின்னால் இறங்கி முன்னால் குத்திக்கொண்டிருந்தால் அந்தப் படத்தால் யாருக்கு என்ன லாபம்? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் சுமார் 130 கோடிப் பேர், அதாவது ஆறில் ஒருவர், குறிப்பிடத்தக்க அளவு குறைபாட்டோடு வாழ்கிறார்கள். அதனால் இது வேலையின் ஓரத்தில் செய்கிற தர்மமல்ல, பேட்டர்ன் வெட்டும் மேசையிலேயே ஆரம்பிக்கவேண்டிய வேலை.

பேன்ட்டிலிருந்து தொடங்குங்கள். நின்றபடி அளவெடுத்துத் தைத்த பேன்ட்டைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள்: பின்பக்கம் இடுப்புப் பட்டி இறங்கி முதுகு தெரியும், முன்பக்கம் துணி மடிந்து வயிற்றில் அழுத்தும், கால் பகுதி மேலேறிக் கணுக்கால் தெரியும். நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவருக்கு இது எப்படி இருக்கும்! அதனால் அளவையே உட்காரவைத்து எடுங்கள். முன் இடுப்பிலிருந்து கவட்டை வழியாகப் பின் இடுப்பு வரை டேப்பை ஓட்டிப் பார்த்தால், பின்பக்கத்தை எவ்வளவு உயர்த்தவேண்டும், முன்பக்கத்தை எவ்வளவு குறைக்கவேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். கால் நீளத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

அப்புறம், பின் பாக்கெட்டை எடுத்துவிடுங்கள். ரிவெட் (ஜீன்ஸில் அடிக்கும் உலோகக் குமிழ்), தடித்த மடிப்புத் தையல், உட்காரும் இடத்தில் வரும் எந்த மேடும் வேண்டாம். முதுகுத்தண்டு பாதிப்பால் அங்கே உணர்ச்சி இல்லாதவருக்கு ஒரு தையல் அழுத்துவது தெரியவே தெரியாது, தெரியவரும்போது அது படுக்கைப்புண்ணாகியிருக்கும். பாக்கெட்டைத் தொடையின் மேல் வைத்தால் கைக்கும் எட்டும். மேல்சட்டையில் கை அகலமாகத் தொங்கினால் சக்கரத்தில் மாட்டும், அதையும் கவனியுங்கள்.

அடுத்தது கைகள். ஒரே கையால், அல்லது நடுங்கும் விரல்களால், கண்ணால் பார்க்காமல் திறந்து மூட முடிகிறதா என்பதுதான் சோதனை. சட்டையின் முன்பக்கத்தில் பட்டன்களை அலங்காரமாக வைத்துவிட்டு உள்ளே காந்தம் வைக்கலாம். ஆனால் பேஸ்மேக்கர் வைத்திருப்பவருக்கு நெஞ்சருகே காந்தம் ஆபத்து, அதை லேபிளிலும் விற்பனைப் பக்கத்திலும் பெரிய எழுத்தில் சொல்லியே ஆகவேண்டும், காந்தமில்லாத வடிவமும் இருக்கவேண்டும். வெல்க்ரோ மலிவானது, ஆனால் அதன் சொரசொரப்பான பக்கம் தோலில் படக்கூடாது, மூடாமல் துவைத்தால் மற்ற துணியைப் பிராண்டும். ஜிப்பின் இழுப்பில் விரல் நுழையும் அளவு வளையம் போடுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது இது: மணிக்கட்டுப் பட்டனை எலாஸ்டிக் நூலால் தைத்தால் பட்டனைக் கழற்றாமலே கை உள்ளே போய்விடும், வெளியே பார்த்தால் சாதாரண சட்டை. பக்கவாதம் வந்தவர்கள் பாதிக்கப்பட்ட கையைத்தான் முதலில் நுழைப்பார்கள், கழற்றும்போது கடைசியில் எடுப்பார்கள், ஆகவே கைத்துளையைத் தாராளமாக வெட்டுங்கள்.

தொடுதல் தாங்காதவர்களுக்கு லேபிளைத் தைக்காமல் துணியிலேயே அச்சடியுங்கள், தையலைத் தட்டையாக்குங்கள். பார்வையற்றவர்களுக்கு உள்பக்கக் கழுத்தில் நிறத்துக்கு ஒன்றாகத் தடவினால் தெரியும் சின்னத் தையல் குறி போதும்.

இதையெல்லாம் நீங்களாக ஊகித்து முடித்துவிடாதீர்கள். பெருமூளை வாதம் உள்ள மேத்யூ வால்சர் என்ற பதின்வயதுப் பையன், தன் ஷூவைத் தானே கட்டிக்கொள்ள முடியவில்லை என்று 2012இல் நைக்கிக்குக் கடிதம் எழுதினார், 2015இல் லேஸ் கட்டாமல் ஜிப்பால் மூடும் ஃப்ளைஈஸ் ஷூ வெளிவந்தது. அந்த மாதிரி ஆட்களைத் தேடிப்போங்கள், மாதிரி உடையைக் கொடுத்து, அதைப் போட்டுக் கழற்றி, கழிப்பறைக்குப் போய்வந்து, ஒருநாள் முழுக்க இருந்து பார்க்கச் சொல்லுங்கள். அதற்குச் சம்பளம் கொடுங்கள். கருத்துச் சொல்வது அவர்கள் செய்யும் வேலை, நமக்குச் செய்யும் உதவி இல்லை.

விற்கும் இடத்துக்கு வருவோம். டிரையல் ரூமில் சக்கர நாற்காலி முழுவதும் திரும்ப ஏறக்குறைய 150 செ.மீ. விட்டமுள்ள இடம் வேண்டும், துணையாக வருபவரும் நிற்கவேண்டும், கொக்கி உட்கார்ந்தபடி எட்டவேண்டும். இணையக் கடையில் எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச மாறுபாடு (கான்ட்ராஸ்ட்) குறைந்தது 4.5:1 இருக்கட்டும், மவுஸ் இல்லாமல் கீபோர்டு மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சட்டையை வாங்கிப் பாருங்கள், எங்கே சிக்குகிறதோ அங்கே சரிசெய்யுங்கள். பார்வையற்றவருக்குத் திரைவாசிப்பான் படித்துச் சொல்லும், படத்துக்கான மாற்று உரையில் ‘நீலச் சட்டை’ என்று மட்டும் எழுதினால் போதாது: ‘நீலப் பருத்திச் சட்டை, முன்பக்கம் காந்த மூடி, முழுக்கை, மணிக்கட்டில் எலாஸ்டிக்’ என்று எழுதுங்கள். திரையைக் கேட்டு வாங்குபவர் முடிவெடுக்கத் தேவையானது அதுதான். நாற்காலியில் உட்கார்ந்த மாடலின் படத்தை இப்போது எடுக்கலாம், பக்கவாட்டிலிருந்தும் ஒன்று, பின்பக்க இடுப்பு எங்கே நிற்கிறது என்று தெரியும்படி.