நைட் டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகுமுன்

2021 ஆகஸ்டில் கொரோனாவின் டெல்டா வகை பரவியபோது நான் திருகோணமலையில் ஆஸ்பத்திரியின் கொரோனா விடுதியில் (வார்டில்) தாதியாக இருந்தேன். இன்னொரு தொற்று வந்தால், புதிதாக வேலைக்கு வரும் தங்கச்சிமாருக்குச் சொல்ல வேண்டியதை எழுதுகிறேன்.

டியூட்டி முடிந்ததும் நேரே வீட்டுக்கு ஓடாதீர்கள். பாதுகாப்பு அங்கியைக் கழற்றி, கையைக் கழுவி, ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரமாவது உட்காருங்கள். கூட வேலைசெய்த ஒருவரிடம், அன்று மனதில் தங்கிய ஒன்றை மட்டும் சொல்லுங்கள். எனக்கு அது ஒரு ஐயாவின் போன். அவர் கண்மூடிய பிறகும் தலையணைக்குப் பக்கத்தில் 'மகள்' என்று வெளிச்சம் போட்டு அடித்துக்கொண்டே இருந்தது. அதை ஒரு அக்காவிடம் சொன்ன பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது. பேச மனமில்லாதவரை வற்புறுத்த வேண்டாம், பக்கத்தில் இருந்தாலே போதும்.

அப்புறம் தூக்கம். யன்னலுக்குத் தடித்த துணி கட்டுங்கள், போனை வேறு அறையில் வையுங்கள். பின்னேரம் டச்பே கடற்கரையில் கொஞ்சம் நடங்கள்.

பொறுப்பில் இருப்பவர்களே, கடுமையான விடுதியில் ஒருவரையே தொடர்ந்து போடாதீர்கள். ஆளை மாற்றி மாற்றிப் போடுவதற்கு எந்த மூச்சுப் பயிற்சியும் ஈடாகாது.

தூக்கமின்மையும் வெறுமையும் இரண்டு வாரம் நீடித்தால் மனநல வைத்தியரைப் பாருங்கள். தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று தயங்கினால், இலங்கையின் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் மட்டும் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள்.