டிக் மருந்துகளை ஒப்பிடும்போது செய்யக்கூடாத தவறுகள்

கண் சிமிட்டல், தொண்டை கனைப்பு என்று பிள்ளையை மீறித் திரும்பத் திரும்ப வரும் அசைவும் சத்தமும்தான் டிக். அதற்குக் கொடுக்கும் மருந்துகளைப் பற்றி, குழந்தைகள் மனநலப் பிரிவில் பயிற்சிக்கு வரும் இளம் டாக்டர்களின் கேஸ் ஷீட்டில் ஒரு வரி அடிக்கடி வருகிறது: "குளோனிடின் பலனில்லை. ரிஸ்பெரிடோன் பலனில்லை. அரிபிப்ரசோல் நல்ல பலன்." எங்கள் தலைமுறையும் இப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தது. டோஸைத் தப்பாகக் கணக்கிடுவது, எடை பார்க்க மறப்பது மாதிரி எல்லோருக்கும் தெரிந்த தவறுகளை இங்கே விட்டுவிடுகிறேன். அந்த ஒரு வரிக்குள் ஒளிந்திருக்கும் தவறைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

டிக்கின் ஏற்ற இறக்கத்தை மருந்தின் கணக்கில் எழுதுவது

டிக் ஒரே அளவில் நிற்கிற விஷயம் அல்ல. பெரும்பாலும் 4 முதல் 6 வயதுக்குள் தொடங்கும், 10 முதல் 12 வயதில் உச்சத்தில் இருக்கும், பதின்வயது முடிவதற்குள் பெரும்பாலானவர்களுக்குக் கணிசமாகக் குறைந்துவிடும். இதற்கு நடுவிலும் சில வாரம் கூடும், சில வாரம் தணியும். கண் சிமிட்டல் போய்த் தோள் குலுக்கல் வரும், அது போய்த் தொண்டை கனைப்பு வரும்.

பெற்றோர் பிள்ளையை எப்போது கூட்டி வருகிறார்கள்? மிக மோசமாக இருக்கும் வாரத்தில். அங்கிருந்து எதுவுமே கொடுக்காவிட்டாலும் அது கொஞ்சம் இறங்கத்தான் போகிறது. அப்போது கையில் எந்த மாத்திரை இருக்கிறதோ அதற்குப் பேர் கிடைக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஏறுகிற நேரத்தில் தொடங்கிய மருந்துக்கோ கெட்ட பெயர்.

அடிக்கடி பார்ப்பது இப்படி இருக்கும். ஒன்பது வயதுப் பையன். முதலில் கண் டாக்டரிடம் போய்ச் சொட்டு மருந்து போட்டாயிற்று. பரீட்சைக்கு முந்தைய வாரம் குளோனிடின் தொடங்குகிறார்கள், மிகக் குறைந்த அளவில், இரவில் மட்டும். பத்து நாள் கழித்துத் தொண்டைச் சத்தம் புதிதாக வந்துவிட்டது என்று அம்மா பதறிக்கொண்டு வருகிறார். டோஸை ஏற்றவில்லை, மருந்தையே மாற்றிவிட்டார்கள். ரிஸ்பெரிடோனில் எடை ஏறுகிறது, பள்ளி யூனிஃபார்ம் இடுப்பில் பிடிக்கிறது. விடுமுறை தொடங்கும்போது அரிபிப்ரசோல். "அந்த மூணாவது மாத்திரைதான் டாக்டர் கைகொடுத்துச்சு" என்கிறார் அம்மா. மாத்திரை கைகொடுத்திருக்கலாம். பரீட்சை முடிந்ததும் காரணமாக இருக்கலாம். எது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

எனக்குக் கோபம் வருவது இதற்கு அப்புறம் நடப்பதைப் பார்த்துத்தான். "குளோனிடின் பலனில்லை" என்ற வரி அந்தப் பிள்ளையோடு ஊர் ஊராகப் போகும். அடுத்த டாக்டர் அதைப் படித்துவிட்டு அந்த மருந்தின் பக்கமே போக மாட்டார். உண்மையில் அது சோதித்துப் பார்க்கப்படவே இல்லை. பக்கவிளைவு குறைவான ஒரு வழி, பத்து நாள் பொறுமை இல்லாததால் அடைபட்டுவிடுகிறது.

மருந்து வாங்காத பிள்ளைகளும் எவ்வளவு இறங்குகிறார்கள் என்பதற்கு ஆய்வுகளே சாட்சி. டியூடெட்ராபெனசின் என்ற மருந்தைப் பிள்ளைகளிடமும் பதின்வயதினரிடமும் சோதித்த இரண்டு ஆய்வுகள் 2021-இல் வெளியாயின. மருந்து வாங்கியவர்களுக்கு டிக் குறைந்தது. வெற்று மாத்திரை வாங்கியவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்தது. இரண்டாவது குழு இல்லாமல் பார்த்திருந்தால் அந்த மருந்து அருமையானது என்றுதான் எல்லோரும் எழுதியிருப்போம். நம் ஓபி-யில் அந்த இரண்டாவது குழு எப்போதும் இல்லை.

சரி, என்ன செய்வது? பிள்ளை தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறது, கழுத்து வலியில் தூங்கவில்லை என்ற மாதிரி அவசரம் இல்லையென்றால், மருந்து எழுதுமுன் சில வார இடைவெளியில் இரண்டு மூன்று முறை அளந்து பாருங்கள். டிக்கின் தீவிரத்தை அளக்கும் யேல் அளவுகோலில் டிக்குக்கான மொத்த மதிப்பெண் 0 முதல் 50 வரை. 25 சதவீதமாவது குறைந்தால்தான் அதைப் பலன் என்று பேசத் தொடங்கலாம். டோஸை மெல்ல ஏற்றி, போதுமான அளவுக்கு வந்தபின் ஆறு எட்டு வாரமாவது அங்கேயே நிறுத்திப் பாருங்கள். அந்த நேரத்தில் வேறு எதையும் சேர்க்கவோ மாற்றவோ வேண்டாம். பரீட்சை, விடுமுறை, காய்ச்சல், வீட்டில் சண்டை எல்லாவற்றையும் பெற்றோர் ஒரு நோட்டில் தேதியோடு குறிக்கட்டும். உங்கள் அறையில் பிள்ளை டிக்கை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்பதால், வீட்டில் ஒரே நேரத்தில் எடுத்த சின்ன வீடியோ உதவும். நாள் முழுக்கப் படம் பிடிக்க வேண்டாம். கவனம் விழுந்தாலே டிக் கூடும்.

அப்புறம், கேஸ் ஷீட்டில் "பலனில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். எவ்வளவு டோஸ், எத்தனை வாரம், ஏன் நிறுத்தினோம் என்று மூன்றையும் எழுதுங்கள்.

எது அதிகம் குறைக்கும் என்று மட்டும் கேட்பது

ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் மூன்றும் டிக்கைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஒன்றை ஒன்று நேருக்கு நேர் மோதவிட்ட ஆய்வுகள் குறைவு. அதனால் என்ன விலை கொடுக்கிறோம் என்பதில்தான் உண்மையான ஒப்பீடு. ஹாலோபெரிடாலில் கழுத்தும் தாடையும் திடீரென்று இழுத்துக்கொள்ளலாம். ரிஸ்பெரிடோனில் எடையும், பால் சுரப்புக்கான புரோலாக்டின் ஹார்மோனும் ஏறும். பையன்களுக்கு மார்பு வீங்கினால் அவர்கள் வெட்கத்தில் சொல்லவே மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். அரிபிப்ரசோலில் ஒரு இடத்தில் உட்கார முடியாத தவிப்பு வரலாம், அதையே டிக் கூடிவிட்டது என்று நினைத்து டோஸை ஏற்றியவர்களையும் பார்த்திருக்கிறேன். குளோனிடினில் தூக்கம், ரத்த அழுத்தக் குறைவு. கவனக்குறைவும் துறுதுறுப்பும் சேர்ந்திருக்கும் பிள்ளைக்குக் குளோனிடின் அல்லது குவான்ஃபசின் கொடுத்தால் அதற்கும் டிக்குக்கும் சேர்த்து உதவும்.

அனுமதி பெற்றதுதான் சிறந்தது என்று எண்ணுவது

அமெரிக்காவில் டூரெட்டுக்கு (அசைவு டிக்கும் சத்த டிக்கும் ஒரு வருடத்துக்கு மேல் நீடிக்கும் நிலை) அனுமதி பெற்றவை ஹாலோபெரிடால், பிமோசைடு, அரிபிப்ரசோல் மூன்றும்தான். முதலில் கொடுக்க வேண்டிய வரிசை அது அல்ல.

பட்டியலில் மாத்திரைகளை மட்டும் வைப்பது

டிக் வருமுன் தோன்றும் உந்துதலை அடையாளம் கண்டு, அதற்கு எதிரான அசைவைப் பழகும் நடத்தைப் பயிற்சி இருக்கிறது. 9 முதல் 17 வயது வரையுள்ள 126 பேரிடம் நடந்த ஆய்வு 2010-இல் வெளியானது. பயிற்சி பெற்றவர்களில் 52.5 சதவீதத்தினர் தேறினார்கள், ஒப்பீட்டுக் குழுவில் 18.5 சதவீதம். அமெரிக்க நரம்பியல் அகாடமியின் 2019 வழிகாட்டுதலும் மருந்துக்கு முன்னால் இதைத்தான் வைக்கிறது. பயிற்சி கொடுக்க ஆள் கிடைப்பதில்லை என்பது நிஜமான கஷ்டம். அதற்காகப் பெற்றோரிடம் சொல்லாமலே விடக்கூடாது.

டிக் இருந்தால் மெதில்பெனிடேட் கூடவே கூடாது என்பது

கவனக்குறைவுக்கும் துறுதுறுப்புக்கும் கொடுக்கும் இந்த மருந்து டிக்கைக் கூட்டிவிடும் என்று பயப்படுகிறார்கள். 2002-இல் வெளியான ஆய்வில் டிக் கூடியதாகச் சொன்னவர்கள்: மெதில்பெனிடேட்டில் 20 சதவீதம், வெற்று மாத்திரையில் 22 சதவீதம்.

பிமோசைடோடு கிளாரித்ரோமைசின்

கிளாரித்ரோமைசின் ஒரு ஆன்டிபயாட்டிக். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்து. ஈசிஜி பார்க்காமல் பிமோசைடு தொடங்குவதும் வேண்டாம்.

குளோனிடினைச் சட்டென்று நிறுத்துவது

மாத்திரை தீர்ந்துபோய் இரண்டு மூன்று நாள் விட்டுப்போனால் ரத்த அழுத்தம் எகிறும், டிக்கும் பொங்கிக்கொண்டு வரலாம். அதைப் பார்த்து "நோய் முற்றிவிட்டது" என்று வலுவான மருந்துக்குத் தாவிவிடுகிறார்கள். குறைப்பதாக இருந்தால் படிப்படியாகத்தான். சீட்டிலேயே எழுதுங்கள், பெற்றோரிடம் வாயாலும் சொல்லுங்கள். ஊருக்குப் போகுமுன் கையில் எத்தனை மாத்திரை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.