நோட்டில் ஏறாத பூஜ்யம்

ஜனவரி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குக் கோடியக்கரையில் வருஷா வருஷம் புதுப் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்து சேருவார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் நான் செய்த கோளாறுகளை வரிசைகூட மாறாமல் செய்வார்கள். தொப்பி, தண்ணீர் பாட்டில் எல்லாம் ஒரு நாள் வெயிலே கற்றுக்கொடுத்துவிடும். அதை விடுகிறேன்.

வெறும் நாளை எழுதாமல் விடுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல்தான் வருகிறது. உப்பளத்தை ஒட்டி ஒரு தேக்கம், பூநாரை இறங்குகிற இடம். மூன்று பருவம் விடாமல் போனேன். பறவை இருந்த நாளில் மணி, காற்று, தண்ணீரின் ஆழம், எண்ணிக்கை என்று பக்கம் பக்கமாக எழுதினேன். வெறும் தண்ணீரைப் பார்த்த நாளில் டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். நோட்டைத் திறந்ததே இல்லை.

பிற்பாடு, அங்கே வரத்து குறைந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு ஓர் ஆய்வாளர் வந்தார். பெருமையாக நோட்டை நீட்டினேன். புரட்டிப் பார்த்தவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பறவை இல்லாத நாளெல்லாம் எங்கே அண்ணே?"

ஆறு தடவை போகிறோம் என்று வையுங்கள். 200, 160, 0, 0, 240, 0. பார்த்த மூன்று நாளை மட்டும் எழுதினால் சராசரி 200. ஆறையும் எழுதினால் 100. அடுத்த வருஷம் ஒரே ஒரு நாள்தான் 200 பூநாரை வந்தது, மற்ற ஐந்து நாளும் காலி என்றால்? என் நோட்டுப்படி அப்போதும் 200தான். இடம் செத்துக்கொண்டிருக்கும், ஏடு செழிப்பாக இருக்கும். 1967-இல் சரணாலயம், 2002-இல் ராம்சர் பட்டியல் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியல்) என்று பெயர் இருந்து என்ன? தண்ணீர் வற்றியதாலா, உப்பு ஏறியதாலா, எந்த மாதம் பறவை விலகியது என்று காட்ட அந்தப் பூஜ்யங்கள்தான் சாட்சி. மூன்று பருவத்துச் சாட்சியை நான் டீக்கடையில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

கடற்பறவைக்கும் இதே கதைதான். தென்மேற்குப் பருவக்காற்றில் கரை ஒதுங்குவதைத் தேடி நடப்பவர்கள், "ஜூனில் மூன்று ஆலா" என்று எழுதுகிறார்கள். மூன்று நடையிலா, முப்பது நடையிலா? எத்தனை கிலோமீட்டர்? அது இல்லாமல் அந்த மூன்றை வைத்து என்ன செய்வது?

பெயர் வைக்கிற அவசரம்

குளிர்காலத்தில் உள்ளான்கள் பெரும்பாலும் சாம்பல் நிறம். தூரத்தில் ஓடுகிற கூட்டத்துக்கு "உள்ளான், வகை தெரியவில்லை" என்று எழுதுவதில் அவமானம் எதுவும் இல்லை. ஒரு பையன் கரண்டிமூக்கு உள்ளானைப் பார்த்துவிட்டேன் என்று மூச்சிரைக்க ஓடிவந்தான். உலகத்திலேயே சில நூறு மிஞ்சியிருக்கிற பறவை. எனக்கும் கை நடுங்கத்தான் செய்தது. டெலஸ்கோப்பை வைத்தோம். கொசு உள்ளான். அலகு நுனியில் ஒரு உருண்டை சேறு. பத்து நிமிஷம் காத்திருந்தோம், தண்ணீரில் அலகை விட்டு அலசியதும் கரண்டி கரைந்துபோயிற்று.

ஒரே கூட்டத்தை இரண்டு முறை எண்ணுவது

எழுந்து பறந்தால் எந்தத் திசைக்கு, எத்தனை மணிக்கு என்று குறியுங்கள். பக்கத்துக் குழுவும் அதையேதான் எண்ணிக்கொண்டிருக்கும்.

கால் வளையத்தை ஒருவரே படிப்பது

ஆய்வுக்காகப் பறவையின் காலில் மாட்டுகிற எண் வளையத்தில் 3-ம் 8-ம் தேய்ந்தால் ஒன்றுதான். இரண்டு பேர் தனித்தனியாகப் படிக்க வேண்டும், முன்னால் இருக்கிற எழுத்தோடு சேர்த்து.

ஆலா முட்டையிடும் மணல்திட்டில் நடுப்பகலில் இறங்குவது

வேண்டாம். தாய் எழுந்தால் முட்டை வெந்துவிடும்.