ரப்பர் பாலின் மின்சுமையை அளப்பவர்களுக்கு ஒரு குறிப்பு

கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம், கீரிப்பாறைப் பகுதித் தோட்டங்களில் கிடைக்கும் ரப்பர் பாலைச் சீட்டா மின்னழுத்தக் கருவியில் (திரவத்தில் மிதக்கும் துகள்களின் பரப்பருகே உள்ள மின்னழுத்தத்தைக் கணிக்கும் கருவி) வைத்து அளக்கும் மாணவர்கள், திரையில் தோன்றும் ஒற்றை மில்லிவோல்ட் எண்ணை மட்டும் நம்பிவிட வேண்டாம். ஒவ்வொரு ரப்பர் துகளையும் புரதமும் பாஸ்போலிப்பிடும் (பாஸ்பரஸ் கொண்ட கொழுப்பு வகை) சேர்ந்த மென்மையான உறை சூழ்ந்திருக்கிறது. நீரும் அயனிகளும் அந்த உறைக்குள்ளேயே புகுந்துவிடுவதால், துகளின் நகர்வை மின்னழுத்தமாக மாற்றிக் கணக்கிட, கடினமான பரப்புக்கென வகுக்கப்பட்ட ஸ்மொலுகோவ்ஸ்கி சமன்பாடு இங்கே சரியாகப் பொருந்துவதில்லை.

ஆகவே, கருவி உண்மையில் அளக்கும் நகர்திறனையே (ஓரலகு மின்புலத்தில் துகள் நகரும் வேகம்) குறித்துக்கொண்டு, பிஎச் மதிப்பை 10 அளவில் மாறாமல் வைத்து, பொட்டாசியம் குளோரைடின் செறிவை 1, 10, 100 மில்லிமோலார் என உயர்த்தி அளந்து பாருங்கள். உப்பு கூடக் கூடக் கடினப் பரப்பின் நகர்திறன் சுழியை நோக்கிச் சரியும். மென்மையான உறையிலோ அது குறைந்து வந்து, சுழியல்லாத ஒரு மதிப்பில் நின்றுவிடும். இந்த வேறுபாடுதான் அளவீட்டின் உயிர்நாடி. மென்மையான உறை கொண்ட துகள்களுக்கென ஓஷிமா வகுத்த கோட்பாட்டை, உப்புச் செறிவுக்கேற்ப நகர்திறன் மாறுவதைக் காட்டும் வளைகோட்டுடன் பொருத்தினால், உறையின் மின்சுமை அடர்த்தியையும், நீரோட்டம் அதற்குள் எவ்வளவு ஆழம் ஊடுருவுகிறது என்பதையும் கணிக்கலாம். இடைப்பட்ட செறிவுகளையும் சேர்த்துக்கொண்டால் பொருத்தம் இன்னும் நம்பகமாகும்.

பாலை நீர்க்கச் செய்யக் கிணற்று நீரைப் பயன்படுத்தக் கூடாது. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் துகள்களின் எதிர்மின்சுமையைத் தணித்துவிடும். அமோனியா சேர்த்து வைத்த பாலில் பாஸ்போலிப்பிடுகள் நாளடைவில் சிதைந்து கொழுப்பமில உப்புகளாக மாறுவதால், பால் எடுத்த நாளையும் அளந்த நாளையும் குறிப்பேட்டில் தவறாமல் எழுதிவையுங்கள்.