சூப்பர் ஹீரோ படத்தின் அடுத்த பாகம்: காத்திருக்கும் ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு சூப்பர் ஹீரோ படம் பிடித்துப்போனால், அதன் அடுத்த பாகத்தை நாம் மனதுக்குள்ளேயே எடுக்கத் தொடங்கிவிடுகிறோம். யார் வில்லன், யார் சாகவேண்டும், எந்தப் பழைய நடிகர் திரும்ப வரவேண்டும், எல்லாம் முடிவாகிவிடுகிறது. இரண்டு மூன்று வருடம் கழித்துத் திரையில் வருவது வேறு யாரோ எழுதி, வேறு யாரோ எடுத்த கதை. அதை நம் மனதில் ஓடிய படத்தோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறோம். ஏமாற்றத்தில் பெரும்பகுதி அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

அதிகம் பேர் செய்யும் தவறு, ஃபேன் தியரியை, அதாவது ரசிகர்கள் கட்டும் யூகத்தை, வாக்குறுதியாக எடுத்துக்கொள்வது. யூகிப்பது சந்தோஷமான வேலைதான், நானும் மணிக்கணக்கில் செய்திருக்கிறேன். ஆனால் ஒரு யூகத்தை நூறு பேர் திரும்பச் சொன்னதும் அது செய்தி மாதிரி ஆகிவிடுகிறது. 2022-இல் டாக்டர் ஸ்ட்ரேஞ்சின் இரண்டாம் பாகம் வருவதற்கு முன்பு, டாம் குரூஸ் இன்னொரு உலகத்து அயர்ன் மேனாக வருகிறார் என்று பேச்சு பரவியது. அவர் வரவில்லை. பாட்ரிக் ஸ்டூவர்ட் எக்ஸ்-மென் தலைவர் புரொஃபசர் எக்ஸாக வந்தார், பலருக்கு அது போதவில்லை. முதல் தடவை பார்த்தபோது, அடுத்து வரப்போவது யார் என்ற யோசனையிலேயே உட்கார்ந்திருந்தேன். தன் பிள்ளைகளோடு வாழ வேறு ஓர் உலகத்தைத் தேடும் வில்லி வாண்டாவின் வலி இரண்டாவது தடவைதான் எனக்கு உறைத்தது. கதையின் நெஞ்சே அதுதான்.

அந்தப் படத்தை இயக்கிய சாம் ரெய்மிக்கு ரசிகர்களின் எதிர்பார்ப்பு தரும் நெருக்கடி புதிதல்ல. 2007-இல் வந்த ஸ்பைடர் மேனின் மூன்றாம் பாகத்தில் வெனம் என்ற வில்லனைச் சேர்ப்பதில் அவருக்கு ஆர்வம் இல்லை. ரசிகர்கள் விரும்புகிறார்கள் என்று தயாரிப்பாளர் அவி அராட் வற்புறுத்த, வெனம் உள்ளே வந்தான். சாண்ட்மேன், ஹாரி ஆஸ்போர்ன், வெனம் என்று மூன்று பேருக்கு ஒரே படத்தில் இடம் பிரிக்க வேண்டியிருந்தது. கேட்டது கிடைத்தது, ஆனால் வெனமை நேசித்தவர்களுக்கே அந்த வெனம் பிடிக்கவில்லை. நமக்குப் பிடித்த பாத்திரம் வரவேண்டும் என்று ஆசைப்படுவது சரி. இந்தப் பாகத்திலேயே, எல்லாரும் சேர்ந்து வந்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும்போது அந்தப் பாத்திரத்துக்கே கெடுதல் செய்கிறோம்.

நடிகர் தேர்வைப் பார்த்ததும் தீர்ப்பு எழுதுவது இன்னொன்று. 2006-இல் பேட்மேன் படத்தின் வில்லன் ஜோக்கராக ஹீத் லெட்ஜர் நடிக்கிறார் என்று அறிவித்தபோது காதல் படங்களில் பார்த்த முகம் என்று பலர் ஒதுக்கினார்கள். 2008 ஜனவரியில் அவர் இறந்துவிட்டார். ஜூலையில் படம் வந்தது, அடுத்த வருடம் அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. அவசரப்பட்டுப் பேசியவர்களுக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்க வழியே இல்லாமல் போனது.

காமிக்ஸில் இப்படி இல்லையே என்பவர்களுக்கு ஒரு விஷயம். காமிக்ஸும் ஒரே மாதிரி இருந்ததில்லை. 1938-இல் அறிமுகமான சூப்பர்மேனுக்குப் பறக்கவே தெரியாது, ஒரே தாவலில் ஒரு மைலில் எட்டில் ஒரு பங்கு தூரம் போவான், அவ்வளவுதான். எக்ஸ்-மென் வீரன் வுல்வரின் காமிக்ஸில் ஐந்தே கால் அடி ஆள். ஆறடிக்கு மேல் உயரமான ஹியூ ஜாக்மேனைத் தவிர வேறு யாரையும் இன்று அந்த இடத்தில் நினைத்துப் பார்க்க முடிகிறதா?

அப்படியானால் ரசிகர்கள் எதையும் கேட்கவே கூடாதா? அப்படி இல்லை. இயக்குநர் ஜாக் ஸ்னைடர் தன் விருப்பப்படி தொகுத்த நான்கு மணி நேர ஜஸ்டிஸ் லீக் 2021-இல் வந்ததே ரசிகர்கள் விடாமல் கேட்டதால்தான். ஆனால் சத்தம் போட்டால் எதுவும் நடக்கும் என்று அதிலிருந்து எடுத்துக்கொள்வது தவறு. ஸ்னைடர் எடுத்து வைத்திருந்த காட்சிகள் ஏற்கெனவே இருந்தன. சூப்பர்மேன் இரண்டாம் பாகத்திலிருந்து நீக்கப்பட்ட இயக்குநர் ரிச்சர்ட் டோனரின் வடிவம் 2006-இல் வந்ததும் அவர் முன்பே பெரும்பகுதியைப் படம்பிடித்திருந்ததால்தான். 2014-இல் டெட்பூல் படத்துக்காக எடுத்த சோதனைக் காட்சி கசிந்து, மக்கள் அதைக் கொண்டாடிய பிறகுதான் முழுப் படத்துக்கு அனுமதி கிடைத்தது. ஒரு கலைஞன் செய்ய நினைத்ததைச் செய்ய விடுங்கள் என்று கேட்டார்கள், கிடைத்தது. என் கதையை நீ எடு என்பது முற்றிலும் வேறு கோரிக்கை.

அப்புறம் ட்ரெய்லரைப் பார்த்தே கிராஃபிக்ஸ் மோசம் என்று திட்டுவது. ட்ரெய்லர் வெளியாகும்போது பல காட்சிகளின் வேலை முடிந்திருக்காது. முன்பே வெளியிடு, தள்ளிப்போடாதே என்று நாம் கேட்கும் ஒவ்வொரு வாரமும் கணினி முன் உட்கார்ந்திருப்பவர்களின் தூக்கத்திலிருந்துதான் வருகிறது. மார்வெலின் கிராஃபிக்ஸ் பணியாளர்கள் 2023 செப்டம்பரில் ஒருமனதாக வாக்களித்துத் தொழிற்சங்கம் அமைத்தார்கள் என்றால், நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாத்திரத்தின் மேல் உள்ள கோபத்தை நடிகருக்கோ அவர் குடும்பத்துக்கோ செய்தியாக அனுப்புவது பற்றி விளக்கவே தேவையில்லை. செய்யாதீர்கள்.

இப்போதெல்லாம் நான் ஒரு ட்ரெய்லருக்கு மேல் பார்ப்பதில்லை. பிடிக்காத படத்தைப் பற்றி எழுதும் முன் இரண்டு நாள் விடுகிறேன், முடிந்தால் இன்னொரு தடவை பார்க்கிறேன். அப்போதும் பிடிக்கவில்லையென்றால், எந்தக் காட்சி, ஏன் என்று எழுதுகிறேன்.